தொட்டி மாற்றினால் பனை நாற்று ஏன் சாகிறது?

14 நாற்றுகளில் 11 நாற்றுகளை ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கொன்றேன். தண்ணீர் ஊற்ற மறக்கவில்லை. மருந்து எதுவும் அடிக்கவில்லை. "நல்ல தொட்டியில் வைக்கிறேன்" என்று எடுத்து வைத்தேன். அவ்வளவுதான்.

அந்த நாற்றுகள் கடையில் வாங்கியவை அல்ல. பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருந்த பழைய ஓட்டு வீட்டின் முன்னால் ஒரு விசிறிப் பனை இருந்தது. வீட்டுக்கார அஜ்ஜி கல்யாணமாகி வந்த புதிதில் தன் கையால் வைத்த மரம். 2014-ல் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட முடிவாயிற்று. மரமும் போக வேண்டியதுதான். மரம் கடைசியாகத் தள்ளிய குலையிலிருந்து 20 பழம் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

அஜ்ஜி மகன் வீட்டுக்குப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "இதில் ஒரு கன்று எழுந்தால் எனக்குக் கொண்டுவந்து கொடு. அங்கே பால்கனி இருக்கிறது." கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

20 விதையில் 14 முளைத்தன. 14-ல் 11 செத்தன. மறுபடி விதை பொறுக்க மரம் இல்லை.

வாடகை வீட்டில் இருப்பவனுக்குத் தொட்டிதான் நிலம். வீடு மாறினால் தொட்டியும் மாறும். பெங்களூரில் நம்மவர் வீட்டு மாடிகளிலும் படிக்கட்டு ஓரங்களிலும் ஒரு பனைச் செடியாவது இருக்கிறது. அதை விதையிலிருந்து வளர்ப்பது சிரமமே அல்ல. காசும் அதிகம் ஆகாது. ஆனால் தொட்டி மாற்றும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பாதிப் பேர் நாற்றைப் பறிகொடுக்கிறார்கள். என் கதை அவர்களுக்கு உதவட்டும்.

பனங்கிழங்கு சொல்லும் பாடம்

பனை எப்படி முளைக்கிறது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலுக்குப் பனங்கிழங்கு தின்றவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் தெரியாது!

பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண்ணைப் போட்டு மூடுகிறார்கள். கொட்டையிலிருந்து ஒரு தண்டு புறப்பட்டு நேராகக் கீழே இறங்குகிறது. மேலே எதுவும் தெரியாது. மண்ணுக்குள் ஓரடி அளவுக்குப் போன பிறகுதான் நாற்று உருவாகத் தொடங்கும். மூன்று நான்கு மாதம் கழித்துத் தோண்டினால் மாவு நிறைந்த கிழங்கு. அதைப் பிளந்தால் நடுவில் ஒரு பீலி இருக்குமே, அதுதான் வரப்போகும் மரத்தின் முதல் குருத்து.

அதாவது, வெளியே ஓர் இலை கூட எட்டிப் பார்க்காத காலத்திலேயே கீழே ஓரடி ஆழத்துக்கு வேலை நடந்துவிடுகிறது. அதனால்தான் ஊரில் பனையை நாற்று விட்டு எடுத்து நடும் வழக்கம் இல்லை. மரம் எங்கே வேண்டுமோ அங்கேயே கொட்டையைப் போட்டுவிடுவார்கள்.

பனைக் குடும்பத்தில் 2,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. தென்னை, கமுகு, பேரீச்சை, ஈச்சை, பிரம்பு எல்லாம் இந்தக் குடும்பந்தான். முளைக்கும் முறையில் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் நமக்குப் போதும்.

ஒன்று, விதையை விட்டுத் தள்ளிப் போய் முளைப்பவை. பனை, பேரீச்சை, ஈச்சை, விசிறிப் பனை ஆகியவை இப்படி. விதை ஓரிடத்தில் கிடக்கும். நாற்று சற்றுத் தள்ளி, கீழே இருந்து எழும்.

இரண்டு, விதையை ஒட்டியே முளைப்பவை. தென்னை, கமுகு, தோட்டங்களில் வைக்கும் அரிகா பாம், சாலையோரம் வழுவழுப்பான தூண் போல நிற்கும் ராயல் பாம் ஆகியவை இப்படி. முளை விதையின் பக்கத்திலேயே நிமிரும்.

முதல் வகைக்கு ஆழமான தொட்டி வேண்டும். இரண்டாம் வகைக்குச் சாதாரணத் தொட்டி போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முளைவிட்ட பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே தவுன் இருக்கிறது. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் தேங்காய்ப் பூ இருக்கிறது. இரண்டும் ஒரே உறுப்புத்தான். விதைக்குள் இருக்கும் உணவைக் கரைத்து உறிஞ்சி நாற்றுக்கு அனுப்பும் தாய்ப்பால் குழாய் அது. நாற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதையைப் "பழசு" என்று கிள்ளி எறிபவர்கள் இந்தப் பாலை நிறுத்துகிறார்கள்.

விதை எங்கே கிடைக்கும்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பேரீச்சங்கொட்டை. பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போடுங்கள். செலவே இல்லை, முளைப்பதும் எளிது. ஆண் செடியா, பெண் செடியா என்பது பூக்கும்வரை தெரியாது; தொட்டியில் பழத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். அழகுக்கும் பழகுவதற்கும் அது நல்லது.

அடுத்தது விசிறிப் பனை. பழம் முற்றினால் நீலம் கலந்த பச்சையாகி, தானே உதிரும். பூங்காக்களில் கேட்காமல் பொறுக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு வளாகத்திலோ, அலுவலக வளாகத்திலோ கேட்டால் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். கூட்டிக் குப்பையில் போடுவதைத்தானே கேட்கிறோம்! லால்பாக்கை அடுத்த சித்தாபுரத்து நாற்றுப் பண்ணைகளில் சொல்லி வைத்தும் விதை வாங்கலாம்.

கமுகு வேண்டுமானால் கர்நாடகத்தில் பஞ்சமே இல்லை. மலைநாட்டுப் பக்கம் போய்வரும் நண்பர்களிடம் சொன்னால், தோலோடு பழுத்த பாக்கு கொண்டுவந்து தருவார்கள். கடையில் விற்கும் கொட்டைப் பாக்கு முளைக்காது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாற்றுப் பண்ணையில் "அரிகா பாம்" என்று விற்பது நம் பாக்கு மரம் அல்ல. அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அழகுச் செடி. அதேபோல் "சேகோ பாம்" என்று விற்பது பனைக் குடும்பமே அல்ல. அதன் விதையில் நஞ்சு உண்டு. குழந்தைகளும் நாயும் உள்ள வீட்டில் எச்சரிக்கை தேவை.

எந்த விதையானாலும் பழுத்து உதிர்ந்ததாக இருக்க வேண்டும். புதிதாக இருக்க வேண்டும். நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கும் விதை அல்ல இது. பெரும்பாலான பனை விதைகள் காய்ந்தால் உயிர் போய்விடும். வெயிலில் உலர்த்தவே கூடாது.

கழுவு, ஊறவை

பழத்தின் சதையை முழுவதும் நீக்கிவிட வேண்டும். சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. பூஞ்சணமும் எறும்பும் சதையைத் தேடித்தான் வருகின்றன. இரண்டு நாள் தண்ணீரில் போட்டால் சதை நெகிழும். ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்த்தால் சுத்தமாகக் கழன்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. மீன் வால் போல இலையுள்ள கூந்தற்பனை இருக்கிறதே (கன்னடத்தில் பைனே மரம் என்பார்கள்), அதன் பழத்தை வெறுங்கையால் பிசையாதீர்கள். சதையில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் உண்டு. கை முழுதும் அரிப்பெடுத்து, இரவெல்லாம் தூக்கம் போகும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தமான விதையை மறுபடி ஒன்றிரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். மிதப்பவை பெரும்பாலும் சொத்தை. ஆனாலும் உடனே எறிந்துவிடாமல் தனியாகப் போட்டுவையுங்கள். மிதந்த விதை முளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பனைக்கு வேண்டியது வெப்பம்

பெங்களூர் குளுமையைப் பற்றி நாம் பெருமை பேசுவோம். பனை விதைக்கு அது பிடிக்காது. 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் அது சுறுசுறுப்பாக முளைக்கும். மார்கழி, தை இரவுகளில் இங்கே 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது விதை தூங்கும். மாசி கடைசியில் போட்டால் பங்குனி, சித்திரை வெயில் நமக்காக வேலை செய்யும்.

நான் இப்போது செய்யும் முறை இது. இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கழுவிப் பிழிந்த தென்னை நார்க் கழிவை அதில் பாதி நிரப்புகிறேன். கையில் இறுகப் பிடித்தால் ஒரு சொட்டு வருவதா வேண்டாமா என்று இருக்க வேண்டும். அதுதான் ஈரத்தின் அளவு. விதைகளை ஒன்றுக்கொன்று படாமல் வைத்து, மேலே லேசாக மூடி, டப்பாவை மூடிவிடுகிறேன். தேதியையும் விதையின் பெயரையும் எழுதி ஒட்டி, பிரிட்ஜின் தலையில் வைக்கிறேன். அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். வாரம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

விதை மீது வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஒட்டியிருக்கும் சதையைத்தான் தின்கிறது. விதையை எடுத்துக் கழுவி, புது நார்க் கழிவில் வையுங்கள். விதை அமுக்கினால் நசுங்கி நாறினால் மட்டும் எறிந்துவிடலாம்.

பாக்குக்கு வேறு முறை. மணல் பாத்தியில் காம்புப் பக்கம் மேலே பார்க்க நிறுத்தி, மணலின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே புதைத்து, தினமும் நீர் தெளிக்க வேண்டும். 40 நாள் அளவில் முளை காணத் தொடங்கும்.

மற்றவற்றுக்கு எத்தனை நாள்? ஏறக்குறையச் சொல்கிறேன். அரிகா பாம் ஒன்று முதல் மூன்று மாதம். ராயல் பாமும் விசிறிப் பனையும் இரண்டு மூன்று மாதம். சில சமயம் நான்கும் ஆகும். கூந்தற்பனைக்கு அரை வருடம் பொறுக்க வேண்டியிருக்கலாம்.

ஒரே குலையில் பிறந்த விதைகள் கூட ஒரே நாளில் முளைக்காது. முதல் விதைக்கும் கடைசி விதைக்கும் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். "முளைக்கவில்லை" என்று டப்பாவைக் கொட்டிவிடாதீர்கள்.

நான் செய்த ஐந்து தவறுகள்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

20 விதையையும் ஒரு பழைய அகலமான பேசினில் ஒன்றாகப் போட்டிருந்தேன். சித்திரை முடிவதற்குள் ஊசி போல முளைகள் எழுந்தன. மழைக்காலம் முடியும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இலை. புது வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, மார்கழியில் ஒரு விடுமுறை நாளில், 14 புதுத் தொட்டிகள் வாங்கி வந்து உட்கார்ந்தேன்.

பேசினைக் கவிழ்த்தேன். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மண்ணை உதிர்த்து, தண்ணீரில் அலசி, சிக்கெடுப்பது போலப் பிரித்தேன். இது முதல் தவறு.

சில வேர்கள் ஒரு முழம் நீண்டு சுருண்டிருந்தன. ரோஜாவுக்குச் செய்வது போலக் கத்தரிக்கோலால் பாதி வெட்டினேன். இது இரண்டாம் தவறு.

"அடிக்கடி மாற்ற வேண்டாமே" என்று ஒவ்வொரு சின்ன நாற்றுக்கும் ஓரடி அகலத் தொட்டி கொடுத்தேன். மூன்றாம் தவறு.

நிமிர்ந்து நிற்கட்டும் என்று இரண்டு அங்குலம் ஆழமாகப் புதைத்து மண்ணை அமுக்கினேன். நான்காம் தவறு.

தெம்பு வரட்டும் என்று ஒரு பிடி உரம் போட்டு, மொட்டை மாடி வெயிலில் வரிசையாக வைத்தேன். ஐந்தாம் தவறு.

கடைசியில் மூன்று நாற்றுகள் பேசின் ஓரத்தில் மிஞ்சின. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. பிரித்து அலசப் பொறுமை இல்லை. கரண்டியால் மண்ணோடு வெட்டி எடுத்து, கைக்குக் கிடைத்த சின்னத் தொட்டிகளில் அப்படியே வைத்தேன். மாடியில் இடம் இல்லாததால் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே நிழலில் தள்ளிவிட்டேன்.

பொங்கலுக்குள் மாடியிலிருந்த 11 நாற்றும் காய்ந்துவிட்டன. துவைக்கிற கல்லருகே இருந்த மூன்றும் பச்சையாக நின்றன. கவனித்துச் செய்தவை செத்தன. சோம்பலில் விட்டவை பிழைத்தன!

காய்ந்த நாற்று ஒன்றை எடுத்துக்கொண்டு சித்தாபுரத்துக்குப் போனேன். அங்கே நாற்றுப் பண்ணை வைத்திருந்த பெரியவர் ஒருவர் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்யும் குடும்பத்தவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நாற்றை வாங்கி வேரைப் பார்த்தார். "செடியை மாத்தலாம் தம்பி, அதோட மண்ணை மாத்தக் கூடாது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காரணத்தை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வேரின் கதை

மாமரத்துக்கும் வேம்புக்கும் ஆணிவேர் இறங்கி, கிளைத்து, ஆண்டுக்காண்டு பருக்கும். பனைக் குடும்பத்தில் அப்படி இல்லை. முதல் வேர் கொஞ்ச காலத்தில் ஓய்ந்துவிடும். பிறகு அடித்தண்டின் சுற்றிலிருந்து புதுப்புது வேர்கள் ஒரே பருமனாகப் புறப்படும். அவை பருப்பதில்லை. பெரிய தென்னையை வேரோடு சாய்த்தால் கயிற்றுக் கற்றை போலத் தெரிவது இதுதான்.

வேரை வெட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பெரிய மரங்களை வைத்துச் சோதனை செய்து 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறையப் பாதி பிழைத்து மறுபடி கிளைத்தன. அந்த ஊர்ச் சேபல் பனையிலோ வெட்டுப்பட்ட வேர்கள் அநேகமாக எல்லாமே அடிவரை செத்தன. எல்லா வேரும் புதிதாக வர வேண்டியிருந்தது. இனத்துக்கு இனம் இத்தனை வேறுபாடு.

வளர்ந்த மரத்துக்காவது புது வேர் விடும்வரை தாங்கத் தண்டில் சேமிப்பு இருக்கிறது. நாற்றுக்கு என்ன இருக்கிறது? இரண்டு மூன்று வேர், ஒரு சின்ன விதை. அதையும் அலசி வெட்டினால் புது வேர் விடப் பலம் எங்கிருந்து வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். மாங்கன்றின் நுனி ஒடிந்தால் பக்கத்தில் கிளை வெடிக்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்குக் குருத்து அழுகினால் கதை முடிந்தது. ஆழப் புதைத்த நாற்றுக்குக் குருத்தின் அடியில் ஈரம் தேங்கி அழுகல் நோய் வந்துவிடுகிறது.

எப்போது மாற்றுவது?

பாதுகாப்பான காலம் இரண்டு.

ஒன்று, முளைத்த உடனே. டப்பாவில் விதை வெடித்து, வேர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் நீண்டவுடன் எடுத்துத் தனித்தனித் தொட்டியில் வைத்துவிட வேண்டும். அப்போது கிளை வேர் இல்லை, சிக்கல் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வேர் கண்ணாடி போல ஒடியும். விரலால் குழி செய்து, விதையைப் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

இரண்டு, வேர் தொட்டியை நிரப்பிய பிறகு. தொட்டியின் அடித் துளையில் வேர் எட்டிப் பார்க்க வேண்டும். கவிழ்த்தால் மண் உதிராமல் கட்டியாக வர வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ள காலந்தான் ஆபத்து. வேர் பரவியிருக்கும், ஆனால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இருக்காது. எடுத்தால் மண் பொலபொலவென்று கொட்டும். அந்த நேரத்தில் தொடாதீர்கள்.

பருவத்தையும் பாருங்கள். புது வேர் விட வெப்பம் வேண்டும். பெங்களூரில் மாசிக் கடைசி முதல் ஆடி வரை நல்லது. மார்கழியில் செய்தது என் ஆறாவது தவறு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

எப்படி மாற்றுவது?

முதல் நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் விடுங்கள். ஈரமான மண் உதிராது.

புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். பிறகு வேரும் அழுகும். தள்ளி முளைக்கும் இனங்களுக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம்.

மண் கலவையில் தண்ணீர் நிற்கக் கூடாது. கமுகு நாற்றுப் பைக்கு வேளாண்மைத் துறையினர் சொல்லும் கணக்கு: மண் 7 பங்கு, காய்ந்த தொழு உரம் 3 பங்கு, மணல் 2 பங்கு. தொட்டிப் பனைக்கு நான் செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, இலை மக்கு ஒரு பங்கு சேர்க்கிறேன். இங்கத்துச் செம்மண் தனியாகப் போட்டால் கல்லாக இறுகிவிடும். எம் சாண்ட் போடுவதானால் மாவு போகக் கழுவிப் போடுங்கள். தொழு உரத்தைச் சலித்துப் பாருங்கள். வெள்ளையாகச் சுருண்ட பெரிய புழு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் குட்டியாக இருக்கலாம், பொறுக்கி எறியுங்கள்.

நாற்றைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. விரல்களுக்கு நடுவே தண்டு வரும்படி மண்ணின் மேல் கையை விரித்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் திண்ணை ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். பாலிதீன் பையானால் பிளேடால் கீறி உரியுங்கள். மண் தொட்டியில் வேர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் தொட்டியை உடையுங்கள். தொட்டி கடையில் கிடைக்கும், நாற்று கிடைக்காது.

அடியில் சுருண்ட வேரை வெட்டாதீர்கள், நிமிர்த்தாதீர்கள். அப்படியே புது மண்ணின் மேல் உட்கார வையுங்கள். ஒட்டியிருக்கும் விதையையும் விட்டுவிடுங்கள்.

பழைய தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, புதிதிலும் அதே மட்டம். அடியில் தண்டு சற்றே உப்பியிருக்கும் இடம் மண் மட்டத்தில் நிற்க வேண்டும். புதைத்தால் குருத்துக்கு ஆபத்து. மேலே தூக்கி வைத்தால் புது வேர் மண்ணை எட்டாமல் காய்ந்துபோகும். ஆடினால் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றிலும் மண்ணைப் போட்டுத் தொட்டியைத் தட்டுங்கள். கையால் குத்தி இறுக்க வேண்டாம். பூவாளியால் தண்ணீர் விடுங்கள்.

நாற்றுப் பண்ணையில் வாங்கும் அரிகா பாம் பற்றி ஒரு வார்த்தை. அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்து நாற்றைச் சேர்த்து வளர்த்திருப்பார்கள். "ஒன்று வாங்கினால் பத்தாயிற்று" என்று பிரித்து நட்டால் பெரும்பாலானவை பிழைக்காது. கொத்தாகவே விட்டுவிடுங்கள்.

மாற்றிய பிறகு

மூன்று நான்கு வாரம் நிழல். பிறகு காலை இளவெயில். நிழல் வலை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிழக்குப் பார்த்த பால்கனி போதும்.

விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள்.

ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு உரமே வேண்டாம். புது இலை விரிந்த பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். தொட்டி ஓரத்தில் வெள்ளை பூத்தால், இலை நுனி கருகினால், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாதம் ஒரு முறை அடித்துளை வழியே ஓட விடுங்கள்.

அடி இலை மஞ்சளானவுடன் வெட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. செடி அந்த இலையிலிருந்து சத்தை எடுத்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. முழுவதும் காய்ந்த பிறகு வெட்டலாம்.

நாற்று பிழைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இழுத்துப் பார்க்காதீர்கள். குருத்தும் அதன் பக்கத்து இலைக் காம்பும் சேரும் இடத்தில் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில வாரங்களில் குருத்தில் உள்ள கோடு மேலே ஏறியிருந்தால் செடி வளர்கிறது. கோடு அசையாவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். வேர் விடுகிற காலத்தில் மேலே ஒன்றும் நடக்காது. குருத்து கருத்து, தொட்டவுடன் கையோடு வந்துவிட்டால் மட்டுமே நம்பிக்கை இல்லை.

இன்னும் ஒன்று. பனை முதலில் மண்ணுக்கடியில் தன் தண்டின் முழு அகலத்தையும் கட்டிக்கொண்ட பிறகுதான் உயரத் தொடங்கும். அதனால் சில ஆண்டுகள் வெறும் இலையாகவே நிற்கும். "வளரவே இல்லை" என்று தொட்டி மாற்றத் தூண்டுவது இந்தக் காலந்தான். மாற்றாதீர்கள்.

மூன்றில் ஒன்று

பிழைத்த மூன்று நாற்றையும் நான் அடுத்த ஆண்டு முழுவதும் தொடவில்லை. துளையில் வேர் தெரிந்த பிறகு, ஒரு ஆனி மாதத்தில், முதல் நாள் தண்ணீர் விட்டு, மண் கட்டி கலையாமல் இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். மூன்றும் ஒரு இலை கூட வாடாமல் நின்றன. கால் மணி நேர வேலைதான். முன்பு ஒரு காலைப் பொழுது முழுக்கச் செலவழித்துச் செய்ததைவிடச் சுலபமாக இருந்தது.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு அஜ்ஜியைப் பார்க்கப் போனேன். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். இலை நான்கு, விசிறி போல இன்னும் விரியவில்லை, புல் போலத்தான் இருந்தது. அஜ்ஜி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இதுவா நம் மரம்?" என்று கேட்டார்.

"இதேதான், அஜ்ஜி."

பேரனைக் கூப்பிட்டுப் பால்கனியில் காலை வெயில் படும் மூலையில் வைக்கச் சொன்னார். பேரன் அழகான பீங்கான் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "இதில் மாற்றி வைக்கலாமா?" என்றான்.

"வேண்டாம். அடுத்த ஆனி வரட்டும்" என்றேன்.